முழங்காலுக்குக் கீழே காது: சுவர்க்கோழிக்கு யார் உறவு?

இரவில் மூலையிலிருந்து ஓயாமல் கத்தும் சுவர்க்கோழியைப் பிடிப்பது எளிதல்ல. நாம் ஓரடி எடுத்து வைத்ததும் சத்தம் நின்றுவிடும். அசையாமல் காத்திருந்தால் மறுபடி தொடங்கும். அப்படிக் காத்திருந்து ஒன்றைப் பிடித்து, மேலே ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்துவிட்டு, கைவிளக்கும் பூதக்கண்ணாடியுமாகச் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். முதலில் கண்ணில் படுவது உணர்கொம்பு. உடலைவிட நீளமான, தலைமயிர்போல் மெல்லிய இரண்டு இழைகள் காற்றைத் துழாவிக்கொண்டே இருக்கும். அடுத்து முன்னங்காலைப் பாருங்கள். முழங்கால் மூட்டுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில், வெளிறிய நீள்வட்டப் புள்ளி ஒன்று தெரியும். ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. அதுதான் அதன் காது.

சுவர்க்கோழியின் சொந்தபந்தம் யார் என்ற கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் இந்த இரண்டு இடங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெயரிலிருந்து தொடங்கினால் வழி தவறிவிடும்.

தமிழிலேயே பெயர்க் குழப்பம் நிறைய உண்டு. சுவர்க்கோழி, சில்வண்டு, சிள்வண்டு, இரவுப்பூச்சி என்று பல பெயர்கள் புழங்குகின்றன. இவற்றில் சில்வண்டு என்பதைச் சிலர் இரவில் தரையிலிருந்து கத்தும் பூச்சிக்கும், வேறு சிலர் பகலில் மரத்திலிருந்து காதைத் துளைக்கும் பூச்சிக்கும் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. மரத்திலிருந்து இரைவது சிக்காடா. அதற்கு மெல்லும் வாய் கிடையாது. மரச்சாற்றை உறிஞ்சும் ஊசி போன்ற அலகுதான் உண்டு. வயிற்றின் தொடக்கத்தில் இரு பக்கமும் உள்ள சவ்வை உள்ளும் புறமுமாக அதிரச் செய்து அது ஒலியெழுப்புகிறது. உறவு என்று பார்த்தால், சிக்காடாவுக்குச் சுவர்க்கோழியைவிட மூட்டைப்பூச்சி நெருங்கிய சொந்தம். இரண்டில் எதுவுமே வண்டு அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேச்சு வழக்கைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸே இதே வழியில் தடுமாறியிருக்கிறார். 1758-இல் வெளியான தம் நூலின் பத்தாம் பதிப்பில், சுவர்க்கோழியை அவர் வண்டுகளின் வரிசையில் வைத்தார். 1767-இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பில் அதைத் தூக்கிச் சிக்காடாக்கள் இருக்கும் வரிசையில் சேர்த்தார். தமிழ்ச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மயக்கங்களையும் அவர் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போயிருப்பதைப் பார்க்கும்போது, வெளித்தோற்றம் மனிதக் கண்ணை எங்கும் ஒரே மாதிரிதான் இழுக்கிறது என்று தோன்றுகிறது.

லின்னேயஸ் 'கிரில்லஸ்' என்ற ஒரே பேரினத்துக்குள் ஒரு பெருங்கூட்டத்தையே அடைத்திருந்தார். அதற்குள் ஆறு பிரிவுகள். கும்பிடுபூச்சி ஒரு பிரிவு. வீட்டுச் சுவர்க்கோழியும் பிள்ளைப்பூச்சியும் அக்கீட்டா என்ற இன்னொரு பிரிவு. நீண்ட கொம்புள்ள பச்சை வெட்டுக்கிளிகள் டெட்டிகோனியா. படையெடுத்து வரும் வெட்டுக்கிளி லோகஸ்டா. மீதி இரண்டில் மற்ற வெட்டுக்கிளிகள். அந்த உட்பிரிவுகளில் பல பிற்காலத்தில் தனித்தனிப் பேரினங்களாகவே நின்றுவிட்டன. கூட்டம் பெரிதாக இருந்தாலும் உள்ளே அவர் கிழித்த கோடுகள் பெரும்பாலும் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கின்றன.

1789-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் ஒலிவியே இந்தக் கூட்டத்துக்கு ஆர்த்தோப்டெரா என்று பெயர் சூட்டினார். 'நேரான இறகு' என்று பொருள். தோல்போல் தடித்த முன்னிறகு, அதற்கடியில் விசிறிபோல் மடங்கும் பின்னிறகு, மெல்லும் வாய், கூட்டுப்புழு நிலை இல்லாத வளர்ச்சி: இவை எல்லாம் பொருந்திய பூச்சிகள் இங்கே வந்து சேர்ந்தன. கரப்பான், கும்பிடுபூச்சி, குச்சிப்பூச்சி என எல்லாம் ஒரே கூரையின் கீழ் நெடுங்காலம் குடியிருந்தன. பழைய பாடநூல்களில் இன்றும் அப்படியே இருக்கும்.

பிறகு அவை ஒவ்வொன்றாக வெளியேறின. கும்பிடுபூச்சியும் கரப்பானும் தங்களுக்குள் நெருங்கியவை. சுவர்க்கோழிக்குத் தூரத்துச் சொந்தம். குச்சிப்பூச்சிக்குத் தனி வரிசை கிடைத்தது. இதில் வியப்பான முடிவு கறையானைப் பற்றியது. தனி வரிசையாக மதிக்கப்பட்ட கறையான், மரபணு ஆய்வுகளின்படி கரப்பான் கிளைக்குள்ளேயே முளைத்த ஒரு குருத்து என்பது 2007-வாக்கில் உறுதிப்பட்டது. சமூகமாக வாழப் பழகிய கரப்பான்தான் கறையான்.

ஆர்த்தோப்டெராவுக்குள் எஞ்சியிருப்பவை ஒரே குலம் என்று எப்படிச் சொல்கிறோம்? தாவுவதற்கேற்ற தடித்த பின்னந்தொடை எல்லோருக்கும் தெரிந்த அடையாளம். கழுத்தை அடுத்த முதுகுத்தகடு சேணம்போல் பக்கவாட்டிலும் இறங்கியிருப்பது இன்னொன்று. எனக்குப் பிடித்த அடையாளம் மூன்றாவது. இளம்பூச்சி தோலுரித்து வளரும்போது முதுகில் சின்னஞ்சிறு இறகு மொட்டுகள் அரும்பும். கடைசி ஓரிரு தோலுரிப்புகளுக்கு முன் அந்த மொட்டுகள் புரண்டு கொள்ளும். பின்னிறகின் மொட்டு மேலே வந்து முன்னிறகின் மொட்டை மூடிக்கொள்ளும். முழுப் பூச்சியாகும்போது மீண்டும் பழைய ஒழுங்குக்குத் திரும்பிவிடும். ஏன் இந்தப் புரட்டல் என்று பூச்சியைப் பார்த்து ஊகிக்க முடியாது. ஆனால் சுவர்க்கோழிக் குஞ்சிலும் வெட்டுக்கிளிக் குஞ்சிலும் ஒரே மாதிரி நடக்கிறது. பயன் வெளிப்படையாகத் தெரியாத இத்தகைய பழக்கம் இரண்டிலும் தற்செயலாகத் தோன்றியிருக்கும் என்பதைவிட, ஒரே மூதாதையிடமிருந்து வந்தது என்பதே நம்பத்தக்கது. வகைப்பாட்டில் உறவைக் காட்டிக் கொடுப்பவை பெரும்பாலும் இப்படிப்பட்ட சில்லறை விஷயங்கள்தான். பளிச்சென்று தெரியும் உறுப்புகள் வாழும் இடத்துக்கு ஏற்ப மாறிவிடுகின்றன.

இன்று இந்த வரிசையில் பெயரிடப்பட்ட சிற்றினங்கள் 29,000-க்கும் மேல். அவை இரண்டு துணைவரிசைகளாகப் பிரிகின்றன. என்சிஃபெரா என்றால் 'வாள் ஏந்தியவை'; சீலிஃபெரா என்றால் 'உளி ஏந்தியவை'. வாளும் உளியும் பெண்பூச்சியின் முட்டையிடும் உறுப்பைக் குறிப்பவை. முதல் கிளையில் அது நீண்டு, ஊசியாகவோ அரிவாளாகவோ பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவதில் குட்டையான, மண்ணைக் குடையும் அலகுகளாக இருக்கும். என்சிஃபெரா என்ற பெயர் 1920-இல் சொப்பார் வைத்தது. சீலிஃபெரா 1936-இல் ஆண்டர் வைத்தது. கோடு போட்ட ஆண்டுகள் அண்மைக் காலம்தான் என்றாலும், கோடு பிரிக்கும் கிளைகள் மிகத் தொன்மையானவை. 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நிலக்கரிக் காலத்திலிருந்தே இந்த வரிசையின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன.

இங்கேதான் குவளைக்குள் இருக்கும் பூச்சிக்குத் திரும்ப வேண்டும். அதன் உணர்கொம்பில் முப்பதுக்கு மேற்பட்ட கணுக்கள் உண்டு. நூறைத் தாண்டுவதும் சாதாரணம். வாள் கிளையின் அடையாளம் அது. புல்வெளியில் தாவும் சாதாரண வெட்டுக்கிளியின் கொம்பு குட்டை. கணுக்கள் முப்பதுக்குள் அடங்கிவிடும். அதன் காதும் காலில் இல்லை. இறகை விலக்கிப் பார்த்தால் வயிற்றின் முதல் வளையத்தில், இரு பக்கமும், கண்ணாடி ஒட்டியதுபோல் செவிப்பறை தெரியும். பாடும் முறையும் வேறு. சுவர்க்கோழி இறகோடு இறகை உரசுகிறது. பாடும் வெட்டுக்கிளிகளில் பல, பின்னந்தொடையின் உட்புறத்தில் வரிசையாக நிற்கும் நுண்ணிய முளைகளை இறகின் மேல் இழுக்கின்றன. காலால் பாடி வயிற்றால் கேட்பது ஒரு கிளை. இறகால் பாடிக் காலால் கேட்பது இன்னொரு கிளை. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வகைப்பாடு கைக்குள் வந்துவிடும்.

வாள் கிளைக்குள் இரண்டு பெரிய குடும்பங்களைப் பிரித்தறிவது அடுத்த படி. ஒன்று சுவர்க்கோழிகள், உறவுக் குடும்பங்களையும் சேர்த்து 6,000 சிற்றினங்கள் அளவில். மற்றொன்று இலையைப் போலவே பச்சையாக இருக்கும் நீண்டகொம்பு வெட்டுக்கிளிகள். ஏறத்தாழ 8,000 சிற்றினங்கள். இவற்றை இங்கே இலைவெட்டுக்கிளி என்று அழைக்கிறேன். பேச்சில் இவையும் வெட்டுக்கிளிதான். பிறப்பில் சுவர்க்கோழியின் பங்காளி. சுவர்க்கோழியின் இறகு முதுகில் தட்டையாகப் படிந்து ஓரத்தில் செங்குத்தாக மடங்கும், பெட்டி மூடிபோல. இலைவெட்டுக்கிளியின் இறகுகள் கூரைபோல் இருபுறமும் சரிந்து நிற்கும். பாதத்தில் கணுக்கள் சுவர்க்கோழிக்கு மூன்று, இலைவெட்டுக்கிளிக்கு நான்கு. பாடும்போது சுவர்க்கோழி பெரும்பாலும் வலது இறகை மேலே வைக்கிறது. இலைவெட்டுக்கிளி இடது இறகை மேலே வைக்கிறது.

அந்தப் பாட்டு எப்படிப் பிறக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்கத்தான் வேண்டும். ஆண் சுவர்க்கோழியின் மேலிறகின் அடிப்பக்கத்தில் ஒரு நரம்பு தடித்து, நுண்ணிய பற்கள் வரிசையாக நிற்கும் அரமாக மாறியிருக்கிறது. கீழிறகின் ஓரம் அந்த அரத்தின் மேல் ஓடும் சுரண்டி. இறகுகள் மூடிக்கொள்ளும்போது ஒலி எழும், திறக்கும்போது இல்லை. இறகிலுள்ள முக்கோணச் சவ்வு அந்த அதிர்வைத் தாங்கிப் பெருக்குகிறது. வயல்வெளிச் சுவர்க்கோழிகளின் குரல் நொடிக்கு 4,000 முதல் 5,000 அதிர்வுகள் என்ற அளவில் கலப்பில்லாத ஒரே சுருதியாக ஒலிக்கும். இலைவெட்டுக்கிளிகள் பலவற்றின் குரல் நம் செவிக்கே எட்டாத உயரத்தில் இருக்கிறது. தென் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட சூப்பர்சோனஸ் என்ற பேரினத்தில் ஒன்று நொடிக்கு 1,50,000 அதிர்வுகள் வரை போகிறது.

இனி, பெயரால் ஏமாற்றும் பூச்சிகள். ஆங்கிலத்தில் 'மார்மன் கிரிக்கெட்' என்று அழைக்கப்படும் வட அமெரிக்கப் பூச்சி பறக்காத ஓர் இலைவெட்டுக்கிளி. 'ஜெருசலேம் கிரிக்கெட்' வட அமெரிக்க மண்ணுக்குரியது. இறகு கிடையாது, வயிற்றைத் தரையில் தட்டித்தான் துணையை அழைக்கும். அதன் உறவான நியூசிலாந்தின் பெரும் வேட்டாக்களில் முட்டை நிறைந்த ஒரு பெண் 71 கிராம் எடை இருந்திருக்கிறது. குகைகளில் வாழும் முதுகு கூனிய 'குகைக் கிரிக்கெட்' இன்னொரு குடும்பம். அதற்கு இறகும் இல்லை, காதும் இல்லை. இவை எல்லாம் வாள் கிளையைச் சேர்ந்தவைதான். ஆனால் சுவர்க்கோழியைவிட இலைவெட்டுக்கிளிக்கே நெருங்கியவை.

இதற்கு நேர்மாறானது பிள்ளைப்பூச்சி. சாதுவான ஆளைப் பிள்ளைப்பூச்சி என்போம். ஆனால் அதன் முன்னங்கால்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒப்புமை பொருந்தாது. அகன்று, பற்கள் வைத்த மண்வெட்டி போன்ற கால்கள். முட்டையிடும் வாள் வெளியே தெரியாது, தாவவும் வராது. பார்வைக்குச் சுவர்க்கோழியின் சாயலே இல்லாத இது, சுவர்க்கோழிகளின் மிக நெருங்கிய சொந்தம். பாதத்தில் மூன்று கணுக்கள், முன்னங்காலில் காது, இறகில் அரம் எல்லாம் இருக்கின்றன. ஆண் தன் வளையின் வாயை ஊதுகுழலின் விரிந்த முனைபோல் குடைந்து வைத்து, உள்ளே இருந்து பாடும். ஐரோப்பாவின் ஒரு பிள்ளைப்பூச்சி இனத்தின் குரல் பல நூறு மீட்டர் தொலைவு கேட்கும் என்பது 1970-இல் அளந்து காட்டப்பட்டது.

பிள்ளைப்பூச்சிபோலவே மண்ணைக் குடையும் இன்னொரு மிகச்சிறிய பூச்சி ஆற்றோர ஈர மணலில் உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் 'குள்ளப் பிள்ளைப்பூச்சி' என்று பொருள்படும் பெயர். ஆனால் அதன் கொம்பு குட்டை. உளிக் கிளையைச் சேர்ந்த அது, வெட்டுக்கிளிகளின் தொன்மையான உறவு. மண்ணுக்குள் வாழ்ந்ததால் உருவம் ஒத்துப்போனதே தவிர இரத்த உறவு இல்லை. எறும்புப் புற்றுக்குள் வாழும் சில மில்லிமீட்டர் நீளச் சுவர்க்கோழிக்கோ இதைவிட மோசமான கதி. இறகு இல்லை, காது இல்லை, உருண்டை உடல். 1799-இல் அதை முதலில் விவரித்த பான்ட்ஸர், கரப்பான் பேரினத்தில் பெயர் எழுதினார். இன்று அது பிள்ளைப்பூச்சியின் பக்கத்து வீட்டில் இருக்கிறது.

குடும்ப அளவில் இத்தனை குழப்பம் என்றால், சிற்றின அளவில் இன்னும் நுணுக்கமான சிக்கல்கள். இரண்டைச் சொல்கிறேன். ஒன்றில், இரண்டு என்று நினைத்தது ஒன்றாகிவிட்டது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் கூட்டமாகப் பறந்து பயிரை அழிக்கும் கருமையான வெட்டுக்கிளியும், தனியாகத் திரியும் பச்சை நிற வெட்டுக்கிளியும் வெவ்வேறு சிற்றினங்கள் என்றே எழுதப்பட்டு வந்தன. 1921-இல் போரிஸ் உவரோவ் இரண்டும் ஒரே சிற்றினத்தின் இரண்டு நிலைகள் என்று நிறுவினார். நெருக்கம் கூடினால் நிறம், உடலமைப்பு, நடத்தை எல்லாம் மாறிவிடும். படையெடுப்பு முடிந்தபின் அந்தப் பூச்சி எங்கே மறைந்துபோகிறது என்ற பழைய கேள்விக்கு அன்றுதான் பதில் கிடைத்தது. அது மறையவே இல்லை. உருமாறிக் கண்முன்னே இருந்தது.

மற்றொன்றில், ஒன்று என்று நினைத்தது பலவாகப் பிரிந்தது. அமெரிக்கக் கண்டத்தின் வயல்வெளிச் சுவர்க்கோழிகள் அத்தனையும் ஒரே சிற்றினம் என்று 1915-இல் ரெஹ்னும் ஹெபார்டும் முடிவு கட்டினார்கள். அருங்காட்சியக ஊசிகளில் குத்தி வைத்த உடல்களை அடுக்கிப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஃபுல்டன் என்ற ஆய்வாளர் அவற்றை உயிரோடு வளர்த்தார், பாட்டைக் கேட்டார், ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தார். பாட்டு வேறுபட்டவை கலந்து குஞ்சு பொரிக்கவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கிய ரிச்சர்ட் அலெக்சாண்டர் 1957-இல் அவற்றைத் தனிச் சிற்றினங்களாகப் பெயரிட்டார். அவற்றில் ஒன்றுக்கு ஃபுல்டனின் பெயரையே வைத்தார். பெண் சுவர்க்கோழி தன் இனத்து ஆணைப் பாட்டால்தான் அடையாளம் காண்கிறது. அது எதை வைத்துப் பிரிக்கிறதோ அதை வைத்து மனிதரும் பிரிப்பதுதானே முறை?

பாட்டும் கைவிடும் இடம் உண்டு. வட அமெரிக்காவில் கிரில்லஸ் பென்சில்வேனிக்கஸ், கிரில்லஸ் வெலெட்டிஸ் என்ற இரண்டும் உருவத்திலும் பாட்டிலும் பிரித்தறிய முடியாதவை. ஒன்று முட்டையாகக் குளிர்காலத்தைக் கழித்து இலையுதிர் காலத்தில் முழு வளர்ச்சி அடையும். மற்றது இளம்பூச்சியாகக் கழித்து வசந்தத்தில் பாடும். சந்திப்பே அரிது. 1960-இல் அலெக்சாண்டரும் பிகலோவும், ஒரே இனம் பருவத்தால் பிரிந்து இரண்டானது என்று விளக்கினார்கள். கேட்பதற்கு அழகான விளக்கம். பின்னர் மரபணுக்களை ஒப்பிட்டபோது இவை இரண்டும் உடன்பிறப்புகளே அல்ல என்று தெரிந்தது; ஒவ்வொன்றுக்கும் வேறு நெருங்கிய உறவு இருந்தது. ஹவாய்த் தீவுகளின் லாவ்பாலா என்ற சிறு சுவர்க்கோழிகளில் நடந்ததோ வேகத்தின் கதை. உருவம் கிட்டத்தட்ட ஒன்றே, பாட்டின் தாளம் மட்டும் வேறு. அங்கே பத்து லட்சம் ஆண்டுகளுக்கு நான்குக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் என்ற வீதத்தில் பிரிந்திருப்பதாக 2005-இல் கணக்கிட்டார்கள். அதுவரை கணுக்காலிகளில் பதிவானவற்றில் அதுவே மிக வேகமானது.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பெரிய கேள்வி கிடக்கிறது: முதலில் பாடியது யார்? சீனாவில் கிடைத்த, 16.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஜுராசிக் காலத்து இலைவெட்டுக்கிளி உறவொன்றின் இறகு, அரத்தின் பற்கள் எண்ணிவிடும் அளவுக்குக் கெடாமல் கல்லில் பதிந்திருந்தது. அந்தப் பற்களின் இடைவெளியை அளந்து, அதன் குரல் நொடிக்கு 6,400 அதிர்வுகள் என்று 2012-இல் மீட்டெடுத்தார்கள். டைனோசர்கள் நடமாடிய இரவில் ஒலித்த ஒரு குறிப்பிட்ட சுருதியை இன்று நாம் கேட்க முடிகிறது என்பதை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

காதுக்கும் பாட்டுக்கும் உள்ள உறவை மரபணுவின் துணையோடு முழு வரிசைக்கும் ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளிவந்தது. வாள் கிளையில், இறகின் அரமும் முழங்காலுக்குக் கீழுள்ள காதும் ஒன்றையொன்று தொடர்ந்து, சேர்ந்தே உருவாகியிருக்கின்றன. உளிக் கிளையில் கதை வேறு. அங்கே காது முந்தியது, பாட்டு பிந்தியது. துணையின் குரலைக் கேட்பதற்காக அல்லாமல் வேறு தேவைக்காகத் தோன்றிய வயிற்றுக் காதைப் பின்னால் வந்த பாடகர்கள் தங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். அதனால்தான் வாழ்நாள் முழுவதும் ஒருமுறைகூடப் பாடாத வெட்டுக்கிளிகளின் இறகை விலக்கிப் பார்த்தாலும், முதல் வளையத்தில் அந்தச் செவிப்பறை பளபளத்துக்கொண்டிருக்கிறது.